ஒரு லட்சம் பவுண்டு ஜாகுவார்: வாங்க ஆள் இருக்குமா?

#1 கரையோடி

ஜாகுவார் பற்றி இங்கே பல இழைகளில் துண்டு துண்டாகப் பேசியாகிவிட்டது. பெரும்பாலும் 2024 நவம்பரில் வந்த, காரே காட்டாத அந்த விளம்பரத்தைப் பற்றித்தான். எனக்கு விளம்பரத்தைவிட விலைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அதனால் தனி இழை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில், ஜாகுவார் லேண்ட் ரோவரின் அப்போதைய தலைமை நிர்வாகி தியெரி பொலோரே, 2025 முதல் ஜாகுவார் மின்சாரக் கார் மட்டுமே செய்யும், அதுவும் மேல்தட்டுச் சொகுசுக் காராக இருக்கும் என்று அறிவித்தார். 2024-இல் எக்ஸ்இ, எக்ஸ்எஃப், எஃப்-டைப் மாடல்கள் மூன்றும் நின்றன. அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டனில் புது ஜாகுவார் விற்பதையே நிறுத்தினார்கள். எஃப்-பேஸ் 2025 இறுதியில் முடிந்தது. அடுத்து வருவது சோலிஹல் ஃபேக்டரியில் செய்யப்படும் நான்கு கதவு மின்சார ஜிடி, அதாவது நீண்ட பயணத்துக்கான வேகச் சொகுசுக் கார். விலை 1,00,000 பவுண்டுக்கு மேல். பழைய வாடிக்கையாளர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர்தான் கூட வருவார்கள் என்று கம்பெனியே கணக்குப் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் 'மரபுக்குத் திரும்புகிறோம்' என்று சொல்லி விற்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1935 செப்டம்பரில் லண்டன் மேஃபேர் ஹோட்டலில் வில்லியம் லயன்ஸ் தன் டீலர்களைக் கூட்டினார். கம்பெனிக்கு அப்போது எஸ்எஸ் கார்ஸ் என்று பெயர். 'ஜாகுவார்' என்ற பெயர் தாங்கிய முதல் செடானை மேடையில் நிறுத்தி, இதன் விலை என்ன இருக்கும் என்று ஆளாளுக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதியதன் சராசரி 632 பவுண்டு. லயன்ஸ் அறிவித்த விலை 395.

இந்த பிராண்டின் ஜாதகமே அந்த 237 பவுண்டு வித்தியாசத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கும் முன்னால், 1927-இல், ஆஸ்டின் செவன் என்ற எளிய காரின் மேல் இரட்டை வண்ண உடல் கட்டி, பார்த்தவர்கள் பணக்காரக் கார் என்று நினைக்கும்படி விற்றவர் அவர். 1948-இல் எக்ஸ்கே120 வந்தது. மணிக்கு 120 மைல் ஓடும் என்று பெயரிலேயே சவால் விட்ட அந்தக் காரின் விலை, வரிக்கு முன் 998 பவுண்டு. 1961-இல் இ-டைப் ஜெனீவாவில் வந்தபோது ஏறக்குறைய 2,100 பவுண்டு. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அதைப் போல இரண்டு மடங்கு.

ஜாகுவார் என்றைக்குமே அதிக விலைக் காராக இருந்து பேர் வாங்கவில்லை. அதிக விலைக்காரனைத் தலைகுனிய வைத்துப் பேர் வாங்கியது. அதை விட்டுவிட்டு மேலே ஏறினால், ஏறிய இடத்தில் இதை ஜாகுவார் என்று எதை வைத்து அடையாளம் காண்பது?

#2 நான்காம்கியர்

கரையோடி அண்ணா, 1935 கதை நல்ல கதைதான், மறுக்கல. ஆனா லயன்ஸ் செஞ்சதை இன்னைக்கு யாராலயும் செய்ய முடியாது. அதைத்தான் எக்ஸ்இ நிரூபிச்சுட்டுப் போயிருக்கு.

2015-ல எக்ஸ்இ வந்தப்போ அலுமினிய உடல், வுல்வர்ஹாம்ப்டன்ல புதுசாக் கட்டுன எஞ்சின் ஃபேக்டரி, ஓட்டுறதுக்கு அருமையான வண்டி. பிஎம்டபிள்யூ மூணு சீரிஸ் கார் விலைக்கே குடுத்தாங்க. என்ன ஆச்சு? வாங்குறவன் பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ் மூணையும் பாத்துட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

கணக்கை மட்டும் பாருங்க. உதாரணத்துக்கு ஒரு பிளாட்ஃபார்முக்கு, அதாவது காரோட அடித்தளத்துக்கு, 100 கோடி பவுண்டு செலவுன்னு வச்சுக்குவோம். அதை 2 லட்சம் கார்ல பிரிச்சா காருக்கு 5,000 பவுண்டு. 50,000 கார்லதான் பிரிக்க முடியும்னா காருக்கு 20,000. முப்பத்தஞ்சாயிரம் பவுண்டு கார்ல 20,000 பவுண்டை எங்க ஒளிச்சு வைப்பீங்க? ஜெர்மன்காரன் கிட்ட அந்த 2 லட்சம் இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு. ஜாகுவார் மொத்த பிராண்டும் சேந்து உச்சத்துல, 2018-ல, வித்ததே சுமார் 1,80,000 கார்.

அட்ரியன் மார்டெல் தலைமை நிர்வாகியா இருந்தப்போ, நாங்க நிறுத்துற எந்த மாடல்லயும் எங்களுக்குக் காசு வரலன்னு முதலீட்டாளர்கள் கிட்ட வெளிப்படையாவே சொன்னார். காசு வராத காரை மரபுன்னு சொல்லி இன்னும் எத்தனை வருஷம் செய்யச் சொல்றீங்க? ஜாகுவார் ஃபோர்டு கையில இருந்த காலத்துலயும் இதேதான். 2001-ல ஃபோர்டு மொண்டேயோ காரோட அடித்தளத்துல எக்ஸ்-டைப்பை இறக்கி, வருஷத்துக்கு ஒரு லட்சம் விக்கும்னு நம்புனாங்க. ஒரு வருஷம்கூட அது கிட்ட வரல.

கீழே போய்ப் பாத்தாச்சு, நடுவுல நின்னும் பாத்தாச்சு. மேல போறது மட்டும்தான் பாக்கி.

#3 வெண்மதி

இரண்டு பேருமே விலையைப் பேசுகிறீர்கள். ஆனால் அந்த விளம்பரம் செய்த சேதம்? 2024 நவம்பர் விளம்பரத்தில் ஒரு கார்கூட இல்லை. எலான் மஸ்க்கே "நீங்கள் கார் விற்கிறீர்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் விற்பனை 97.5 சதவீதம் விழுந்ததாகச் செய்தி படித்தேன். 1,961-இலிருந்து 49-க்கு. மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

#4 அச்சாணி

வெண்மதி, அந்த எண்கள் சரி. 2025 ஏப்ரல் மாத ஐரோப்பியப் பதிவுகள் அவை, முந்தைய ஏப்ரலோடு ஒப்பிட்டது. ஆனால் செய்தியில் சொன்ன காரணம் தவறு. அந்த மாதம் ஷோரூமில் கொடுக்கக் காரே இல்லை. பெரும்பாலான மாடல்களின் உற்பத்தியை அவர்கள் வேண்டுமென்றே நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. மிச்சம் மீதி இருந்த 49 கார்கள் பதிவாயின, அவ்வளவுதான். பிடிக்காமல் வாங்காமல் இருப்பது வேறு, வாங்க வண்டியே இல்லாதது வேறு.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க மீம் ஓடியது. விளம்பரம் எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காகப் பொய்யான ஆதாரத்தை வைத்து அதை அடிக்கக் கூடாது. விளம்பரத்தால் எத்தனை பேர் விலகினார்கள் என்பது புதுக் கார் விற்பனைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

#5 மிட்லண்ட்ஸ்வாசி

வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இந்த இழைக்கு எழுதாமல் இருக்கேலாது. நான் இருக்கிறது வெஸ்ட் மிட்லண்ட்ஸில.

இஞ்ச காசில் பிராம்விச் எண்டொரு ஃபேக்டரி இருக்குது. இரண்டாம் உலகப் போரில ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஆகக் கூடுதலாச் செய்த இடம். பிறகு ஜாகுவார் வந்தது. 2019 ஜூலையில, ஜாகுவாரின்ர பெரிய செடான் எக்ஸ்ஜேயை மின்சாரக் காரா இஞ்சதான் செய்வம் எண்டு கம்பெனி அறிவிச்சது. சனம் சந்தோசப்பட்டது. 2021 பிப்ரவரியில அதே எக்ஸ்ஜேயைக் கைவிட்டாச்சு எண்டு சொல்லிப்போட்டினம். கார் கிட்டத்தட்ட முடிஞ்ச நிலையில இருந்தது. கைவிட்ட மாடல்களுக்காக அந்த வருசம் கணக்கில எழுதித் தள்ளின தொகை 100 கோடி பவுண்டை நெருங்கும். இப்ப காசில் பிராம்விச்சில கார் ஓடி வெளியில வாறேல்லை. உடற்பகுதித் தகடு அழுத்துற வேலைதான் நடக்குது.

"மேல்தட்டுக்குப் போறம்" எண்டு லண்டனில ஆரும் சொன்னால் அது உத்தி. இஞ்ச அதுக்கு அர்த்தம், குறைய கார், குறைய ஆள். அதையும் இந்தக் கணக்கில சேர்த்துக் கதைக்க வேணும்.

கேய்டன் கார் மியூசியத்தில முதல் தலைமுறை எக்ஸ்ஜே6 ஒண்டைக் கிட்ட நிண்டு பார்த்தனான். லயன்ஸ் தன்ர கையால வடிவம் குடுத்த கடைசிச் செடான், 1968. பின்பக்கம் ரெண்டு ஓரத்திலயும் ஒவ்வொரு பெட்ரோல் மூடி, பளபளக்கிற உலோகத்தில. உள்ளுக்கு ரெண்டு டாங்கி. டாஷ்போர்டில இருக்கிற சுவிட்சை அமத்தினால் ஒண்டில இருந்து மற்றதுக்கு மாறும். டாஷ்போர்டுக்கு வால்நட் மரத் தோல். ஒரே துண்டைச் சீவிப் பிரிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டியிருக்கினம், மரத்தின்ர கோடு ஒண்டுக்கொண்டு கண்ணாடிப் பிம்பம் மாதிரி வரும். ஒரு டாக்டர், ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கொஞ்சம் எட்டிப் பிடிச்சால் வாங்கக் கூடிய காரில இந்த வேலை எல்லாம் செய்து குடுத்திருக்கிறாங்கள்.

கரையோடி சொல்லுறதில எனக்குப் பிடிச்சது அதுதான். எட்டிப் பிடிக்கக் கூடிய தூரத்தில இருந்தது ஜாகுவார். ஒரு லட்சம் பவுண்டு எண்டால் எட்டவே ஏலாது.

#6 அச்சாணி

மிட்லண்ட்ஸ்வாசி எழுதியதைப் படித்துவிட்டு எதிர்த்துப் பேசக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே ஏற முடியாது என்பவர்களுக்கு அதே கம்பெனிக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது.

1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது இரண்டே கதவு. இருக்கைக்கு வினைல், தரைக்கு ரப்பர். சேற்றோடு ஏறி இறங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். பண்ணைக்காரர்களுக்கான வண்டி. நான்கு கதவு வரவே 1981 ஆனது. அந்த வண்டியின் வாரிசு இன்றைக்கு 1,00,000 பவுண்டைத் தாண்டித்தான் தொடங்குகிறது, அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். 2023-24 நிதியாண்டில் கம்பெனியின் வருவாய் 2,900 கோடி பவுண்டு, வரிக்கு முந்தைய லாபம் 220 கோடி. அதைச் சம்பாதித்தது ரேஞ்ச் ரோவரும் டிஃபெண்டரும்தான். எண்ணிக்கையைப் பெருக்கி வந்த லாபம் இல்லை அது, காருக்குக் கார் அதிகம் வாங்கி வந்த லாபம்.

அந்த இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்து அறையில் இது நடப்பதைப் பார்த்துக்கொண்டே, ஜாகுவாரை மட்டும் மூன்று சீரிஸோடு மல்லுக்கட்ட விட்டிருப்பார்களா? அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் இந்த யோசனை வந்தே தீரும்.

வீழ்ச்சிக்கான உதாரணமும் எதிர்த் திசையில்தான் அதிகம். மசெராட்டி 2013-இல் கிப்லி மாடலோடு கீழே இறங்கி, எண்ணிக்கையைத் துரத்தி, 2017-இல் 50,000-ஐ நெருங்கியது. 2024-இல் விற்றது 11,300. இறங்குவதும் ஆபத்துதான்.

#7 கரையோடி

அச்சாணி, ரேஞ்ச் ரோவர் உதாரணத்தை நானும் எதிர்பார்த்தேன். அது என் பக்கத்து உதாரணம் என்றே சொல்வேன்.

ரேஞ்ச் ரோவர் மேலே போகவில்லை. வாங்கியவர்கள் அதை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். பண்ணை வைத்திருந்த பணக்காரர் அதை நகரத்துக்கும் ஓட்டி வந்தார். தோல் இருக்கை கேட்டார், ஆட்டோமேட்டிக் கேட்டார், நான்கு கதவு கேட்டார். வெளியே சிறு பட்டறைகள் கூடுதல் கதவு வைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் கையில் பணத்தோடு ஆள் காத்திருந்தான். அப்படி ஐம்பது ஆண்டு ஏறியது. நடுவில் ஒரு நாள்கூட ஷோரூம் காலியாக இருந்ததில்லை.

ஆடியும் அப்படித்தான். எழுபதுகளில் யாரும் ஆடியை மெர்சிடிஸுக்குச் சமமாக வைத்துப் பேசமாட்டார்கள். 1980-இல் குவாட்ரோ, ராலிப் போட்டிகள், துத்தநாகம் பூசிய உடல், 1994-இல் அலுமினிய ஏ8. ஒவ்வொன்றும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காரணம். அதற்குப் பிறகுதான் விலை ஏறியது.

அதே குழுமம், ஆடியை மேலே கொண்டுவந்த அதே ஃபெர்டினாண்ட் பியெஹ், 2002-இல் ஃபோக்ஸ்வாகன் ஃபைட்டனைக் கொண்டுவந்தார். டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் ஃபேக்டரி, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். கார் என்ற அளவில் குறை சொல்லவே முடியாது. அமெரிக்காவில் 2006-இல் மூட்டை கட்டியது, மொத்தமாக 2016-இல் நின்றது. மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் விலை கொடுப்பவர்கள் ஃபோக்ஸ்வாகன் சின்னத்துக்கு அந்த விலையைத் தரத் தயாராக இல்லை.

ஆக, கார் நன்றாக இருந்தால் போதும் என்பது உண்மையில்லை. வாங்குபவர் மனதில் அந்த விலைக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்க வேண்டும். ஜாகுவார் அந்த இடத்தைப் படிப்படியாகக் கட்டாமல், ஓராண்டுக்கு மேல் கடையையே பூட்டிவிட்டு ஒரே தாவலில் பிடிக்கப் பார்க்கிறது. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கிற கதை.

#8 பழைய_பானெட்

ஜாகுவார் இதற்கு முன்பே ஒருமுறை உச்சாணிக் கொம்புக்குத் தாவியிருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லையே! எக்ஸ்ஜே220.

1988 பர்மிங்ஹாம் கண்காட்சி. வார இறுதிகளில் ஊதியமில்லாமல் ஒரு சிறு குழு உருவாக்கிய கார். பன்னிரண்டு சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம், மேல்நோக்கித் திறக்கும் கதவு. கூட்டம் பைத்தியமானது. பிறகு உற்பத்தி அறிவிப்பு வந்தது: 2,90,000 பவுண்டு, முன்பணம் 50,000, மொத்தம் 350 கார். தேவையைவிட அதிகப் பேர் முன்பணம் கட்ட நின்றார்கள். பலர் வாங்கி உடனே லாபத்துக்கு விற்கலாம் என்ற கணக்கில் வந்தவர்கள்.

1992-இல் கார் கைக்கு வந்தபோது பன்னிரண்டு சிலிண்டர் இல்லை. இரட்டை டர்போ வைத்த வி6. நான்கு சக்கர இயக்கம் இல்லை. விலையோ பணவீக்கச் சூத்திரத்தால் 4,00,000-ஐத் தாண்டியிருந்தது. அதற்குள் பொருளாதாரம் படுத்துவிட்டது. முன்பணம் கட்டியவர்கள் ஒப்பந்தத்திலிருந்து வெளியேற நீதிமன்றம் போனார்கள். 350 சொன்னவர்கள் 300-கூடச் செய்யவில்லை, செய்ததிலும் பல ஆண்டுக்கணக்கில் விற்காமல் நின்றன.

இத்தனைக்கும் கார் மோசமில்லை. மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டிய, தன் காலத்தில் உலகின் அதிவேக உற்பத்திக் கார். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

அங்கே கவிழ்த்தது இரண்டு: மேடையில் காட்டியதற்கும் கையில் கொடுத்ததற்கும் இருந்த இடைவெளி, முன்பணத்துக்கும் சாவிக்கும் நடுவே சந்தை மாறியது. இப்போது இரண்டாவது ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதுதான் என் கவலை. 2021-இல் முடிவெடுத்தபோது மின்சாரச் சொகுசுக் காருக்கு வானமே எல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு நம்புபவர் குறைவு.

#9 நான்காம்கியர்

எக்ஸ்ஜே220 பத்தி எழுதுனதுக்கு நன்றி, நீதிமன்றம் வரைக்கும் போனது எனக்குப் புது விஷயம்.

கரையோடி அண்ணாவோட 1935 கதையை வச்சே நான் எதிர்க்கட்சி பேசுறேன். அன்னைக்கு டீலர் 632-ன்னு நினைச்சான், விலை 395. இன்னைக்கு அந்த புதுக் காரைப் பாக்குறவன் என்ன நினைப்பான்? புதுக் காருக்கு முன்னோட்டமான டைப் 00 கான்செப்ட்டை எடுத்துக்குங்க, 2024 டிசம்பர்ல மயாமில காட்டுனது. வண்டி உள்ள 3.2 மீட்டர் நீளத்துக்கு ஒரே பித்தளைத் தண்டு ஓடுது. டிராவர்டைன் கல் வச்சிருக்காங்க. பின் கண்ணாடியே கிடையாது, கேமராதான். பானெட் அவ்ளோ நீளம். கதவு நாலா மாறி, கல்லும் பித்தளையும் கொஞ்சம் குறைஞ்சு ரோட்டுக்கு வந்தாலும், அந்த உருவத்தைப் பாத்து ரெண்டு லட்சம் பவுண்டுக்கு மேலன்னுதான் சொல்லுவான். பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர் அந்த விலைதான்.

அப்போ ஒண்ணேகால் லட்சத்துக்குக் குடுத்தா? மறுபடி லயன்ஸ் வித்தைதானே! மாடி மாறியிருக்கு, வித்தை மாறல. வழக்கமான பிரீமியம் காருக்கும் பென்ட்லிக்கும் நடுவுல இருக்குற காலி இடத்தைத்தான் பிடிக்கப் போறோம்னு கம்பெனியும் சொல்லுது. இதுல மரபுத் துரோகம் எங்க இருக்கு?

#10 மின்பொறி

நான் மின்வாகனத் துறையில் வேலை செய்பவள். நான்காம்கியர் சொன்ன காலி இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த விலையில் மின்சாரக் கார் விற்றவர்களின் நிலை இது. போர்ஷே டைக்கான் 2023-இல் 40,629 விற்றது. 2024-இல் 20,836. அதுவும் நல்ல கார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கார். பென்ட்லி 2030-க்குள் முழு மின்சாரம் என்றது, 2024 நவம்பரில் அதை 2035-க்குத் தள்ளிவைத்தது. போர்ஷேயும் 2025 செப்டம்பரில் திட்டத்தை மாற்றி, பெட்ரோல், ஹைப்ரிட் மாடல்களை நீட்டித்தது. மெர்சிடிஸ் தன் மின்சாரச் சொகுசுக் கார் ஈக்யூஎஸ்ஸுக்கு அமெரிக்காவில் ஆர்டர் எடுப்பதையே அதே காலத்தில் நிறுத்திவைத்தது. ஜாகுவாரிடம் திரும்பிப் போக பெட்ரோல் கார் இல்லை. மற்றவர்களுக்கு இருக்கிறது.

மக்கள் பயப்படுவது ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, பற்றி அல்ல. கம்பெனி சொல்லும் 770 கிலோமீட்டர் ரேஞ்ச், 15 நிமிடத்தில் 321 கிலோமீட்டருக்கான சார்ஜ் இரண்டும் கைக்கு வந்தால் தாராளமாகப் போதும். பயம் மறுவிற்பனை விலையைப் பற்றியது. பேட்டரியும் மென்பொருளும் மூன்று ஆண்டில் ஒரு தலைமுறை பழையதாகிவிடுகின்றன. வரிச் சலுகை முதல் உரிமையாளரோடு போய்விடுகிறது. இரண்டாம் கையாக வாங்குபவர் புதிய காரின் சலுகை விலையோடு ஒப்பிட்டுத்தான் பேரம் பேசுவார். இந்த விலைக் கார்களைப் பெரும்பாலும் யாரும் மொத்தப் பணம் கொடுத்து வாங்குவதில்லை, லீஸ்தான். மூன்றாம் ஆண்டு மதிப்பு குறைவு என்று லீஸ் கம்பெனி கணித்தால், அந்த இழப்பு முழுக்க மாதத் தவணையில் ஏறும். ஒரே விலையுள்ள இரண்டு காரில் ஒன்றின் தவணை பல நூறு பவுண்டு அதிகமாவது இப்படித்தான்.

இன்னொன்று, வேகம் இப்போது சொகுசே இல்லை. ஷியோமி எஸ்யூ7 அல்ட்ரா 1,548 குதிரைத்திறனோடு சீனாவில் 5,29,900 யுவானுக்கு விற்கிறது. பவுண்டில் அறுபதாயிரத்துக்குள். ஜாகுவார் ஆயிரத்தை நெருங்கும் குதிரைத்திறனைச் சொல்லி அதற்கு விலை கேட்க முடியாது. அமைதி, சவாரி, வடிவம், பட்டறைவாசிகளின் கைவேலை, இவற்றுக்குத்தான் கேட்க முடியும்.

நான்காம்கியர் போட்ட அந்த 100 கோடிக் கணக்கைப் புதுக் காருக்கும் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000 விற்று ஐந்து ஆண்டு ஓடினால் 50,000 கார். திரும்பவும் அதே 20,000 பவுண்டு. பென்ட்லி 2024-இல் மொத்தமே 10,643 தான் விற்றது. விலை கூடியதால் அந்தச் சுமையைத் தாங்கலாம், ஆனால் சுமை எங்கும் போய்விடவில்லை.

#11 வெண்மதி

மின்பொறி, நன்றாகப் புரிந்தது. அச்சாணி, 97.5 விஷயத்துக்கும் நன்றி, இரண்டு குழுக்களில் அந்தப் படத்தைப் பார்த்தேன், விளக்கம் அனுப்பிவிட்டேன்.

கரையோடி ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். பழைய கார்களில் காசு வரவில்லை என்பதையும் நீங்கள் மறுக்கவில்லை. அப்படியானால் 2021-இல் அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

#12 கரையோடி

நியாயமான கேள்வி. மின்சார எக்ஸ்ஜேயைக் கைவிடாமல் செய்து முடித்திருப்பேன்.

1968-இலிருந்து ஐம்பது ஆண்டு தொடர்ந்த பெயர் அது. பிரிட்டிஷ் பிரதமர்கள் பயணித்த கார். எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பவுண்டு கொடுத்து ஜாகுவார் வாங்க உலகில் ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது என்றால் அது எக்ஸ்ஜே வாங்கிய கூட்டம்தான். ஃபைட்டனுக்கு இல்லாத அந்த இடம் எக்ஸ்ஜேக்கு இருந்தது. கார் முடியும் தறுவாயில் இருந்தது, காசில் பிராம்விச் தயாராக இருந்தது. எக்ஸ்இயை நிறுத்தியிருப்பேன், எக்ஸ்எஃபையும் நிறுத்தியிருப்பேன், அதில் நான்காம்கியரோடு எனக்குச் சண்டையே இல்லை. எஃப்-பேஸை மட்டும் புது ஜிடி ஷோரூமுக்கு வரும் நாள் வரை ஓட்டியிருப்பேன். 2018-இல் வந்த ஐ-பேஸ் அடுத்த ஆண்டே உலகக் கார் விருது வாங்கியது. மின்சாரத்தில் ஜெர்மானியர்களுக்கு முன்னால் நின்ற அந்தக் காருக்கு வாரிசே செய்யாமல் விட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காம்கியரின் வாதம், அதாவது மாடி மாறினாலும் வித்தை அதேதான் என்பது, இந்த இழையிலேயே எனக்கு எதிரான பலமான வாதம். ஆனால் லயன்ஸ் 395-க்குக் கொடுத்ததற்குப் பின்னால் கஞ்சத்தனமான ஒழுங்கு இருந்தது. எக்ஸ்கே எஞ்சினை 1948-இல் தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் செய்தார்கள். ஒரே எஞ்சின் பந்தயக் காரிலும் செடானிலும் ஓடியது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951 முதல் 1957 வரை ஐந்து வெற்றி அதே எஞ்சினில். ஒரு செலவை எல்லா இடத்திலும் பயன்படுத்தினார். இப்போது ஒரு பிராண்டுக்கென்றே தனி பிளாட்ஃபார்ம். வெளித்தோற்றத்தில் லயன்ஸ் இருக்கலாம், கணக்குப் புத்தகத்தில் இல்லை.

#13 அச்சாணி

எக்ஸ்ஜே வந்திருந்தால் நேராக ஈக்யூஎஸ்ஸோடு மோதியிருக்கும். மெர்சிடிஸே தடுமாறிய இடத்தில் அது மட்டும் நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுவும் பெட்ரோல், ஹைப்ரிட், மின்சாரம் மூன்றுக்கும் பொதுவான பிளாட்ஃபார்மில். தனி மின்சாரப் பிளாட்ஃபார்ம் இல்லாமல் அந்த நீளப் பானெட்டும் தாழ்ந்த கூரையும் வந்திருக்காது.

#14 கரையோடி

ஈக்யூஎஸ் சறுக்கியதற்குப் பெரிய காரணம் அதன் வடிவம். எஸ்-கிளாஸ் கம்பீரத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கூழாங்கல் போல ஒன்றைக் கொடுத்தார்கள். வடிவத்தில் ஜாகுவார் அவ்வளவு எளிதில் தோற்காது. பொதுப் பிளாட்ஃபார்ம் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். மின்சாரம் ஓடாவிட்டால் ஹைப்ரிட் போட்டுத் தப்பிக்கும் வழி அதில் இருந்தது. இன்றைக்குப் பென்ட்லியும் போர்ஷேயும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

#15 மிட்லண்ட்ஸ்வாசி

கம்பெனிக்கு இப்ப மூச்சு விட இடம் குறைவு எண்டதையும் மறக்காதேங்கோ. 2025 செப்டம்பர் சைபர் தாக்குதலில ஒரு மாதத்துக்கு மேல ஃபேக்டரிகள் நிண்டது. உதிரிப்பாகம் செய்யிற சின்னக் கம்பெனிகள்தான் பாவம், கன பேர் ஆக்களை நிப்பாட்டினவை. அரசாங்கம் 150 கோடி பவுண்டுக் கடனுக்கு உத்தரவாதம் குடுத்தது. அந்த நவம்பரில தாய்க் கம்பெனி டாடா மோட்டார்ஸின்ர நிதித் தலைவரா இருந்த பி.பி. பாலாஜி தலைமைக்கு வந்தார். நிதிக்காரர் எண்டபடியால் எண்களைப் பார்ப்பார் எண்டு ஒரு நம்பிக்கை இஞ்ச ஆக்களுக்கு இருக்குது.

எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கேல்லை. ஆனால் கார் சோலிஹல்லில செய்யப்போறபடியால் அது விக்க வேணும் எண்டு மனசார நினைக்கிறன்.

#16 கரையோடி

அதில் நான் உங்களோடு நிற்கிறேன். என் வாதம் தோற்று இந்தக் கார் ஜெயித்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

அறிமுக விழா அன்றைக்கு எல்லோரும் விலையையும் குதிரைத்திறனையும் பற்றித்தான் எழுதுவார்கள். மின்பொறி சொன்னதைப் படித்த பிறகு நான் வேறொன்றைத் தேடப் போகிறேன். பிரிட்டனில் இருக்கும் நண்பர்கள் யாருக்காவது முதல் லீஸ் விலைப்பட்டியல் கைக்குக் கிடைத்தால், மாதத் தவணையையும் மூன்றாம் ஆண்டு மதிப்பாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவிடுங்கள். டைக்கானின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.